அக்டோபர் 1 கூட்டத்தில் டாக்டர் வெங்கடசாமியைப் பற்றி என்ன பேசுவது?

மாட்டுத்தாவணி

வணக்கம். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறோம். அவர் பிறந்த நாளான அக்டோபர் 1 அன்று. வருகிறவர்களில் பாதிப் பேர் முதியவர்கள், மீதி பள்ளிப் பிள்ளைகள். பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பத்து நிமிடம்.

சங்கத் தலைவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். வாட்ஸாப்பில் சுற்றுகிற அதே சமாச்சாரம்தான். ஏழைக் கிராமம், கோணிய விரல்கள், லட்சம் அறுவை, மெக்டொனால்ட்ஸ், பத்மஸ்ரீ, முடிந்தது. எதுவும் பொய் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு எழுந்து போகிறவருக்கு 'பெரிய மனுஷன்பா' என்பதைத் தாண்டி என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. இந்த மதுரையில் அவரைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லிவிட முடியுமா என்ற பயமும் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது அங்கே கண்ணைக் காட்டியவர்கள்.

என்ன சொல்லலாம், எதை விடலாம்? ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லாதீர்கள், அது அச்சுக்குப் போய்விட்டது.

கரிசல்காட்டான்

நான் அந்தப் பக்கத்துக்காரன், அதனால் ஊரிலிருந்து ஆரம்பிக்கிறேன். அயன் வடமலாபுரம். எட்டயபுரத்துக்குப் பக்கம், மானம் பார்த்த பூமி. அவர் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் தாளும் கிடையாது, பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி அதில் எழுதிப் படித்தார்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், சொல்லுங்கள்.

ஆனால் முக்கியமானது அதற்கு அப்புறம்தான் வருகிறது. அவர் சிறுவனாக இருந்தபோது உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பேறுகாலத்தில் இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் இல்லை. டாக்டருக்குப் படிக்க வேண்டும், அதுவும் பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்று அவர் நினைத்தது அதனால்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம், 1944-இல் பட்டம், கையோடு ராணுவ மருத்துவப் பிரிவு. அங்கே இருக்கும்போது முடக்குவாதம் பிடித்தது. 1948-இல் ராணுவத்திலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். நெடுநாள் படுத்த படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது. அதனால் கண் பக்கம் வந்தார்.

நான் கேட்ட மேடைப் பேச்சுகளில் எல்லாம் 'இளம் வயதிலேயே பார்வையற்றோரின் துயரம் கண்டு உள்ளம் துடித்து' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அப்படி இல்லை. கண் மருத்துவம் அவர் ஆசைப்பட்ட துறையே கிடையாது. ஆசைப்பட்ட படிப்பு கிடைக்காமல் வேறு பிரிவில் சேர்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை உங்கள் கூட்டத்தில் நிச்சயம் ஒன்று இருக்கும். அதற்கு இது போய்ச் சேரட்டும்.

அரைக்கண்

இது எனக்கே தெரியாது. அண்ணே, நன்றி.

கேள்விக்குறி

கரிசல்காட்டான் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் விரல் கதைக்கே போய்விடும், அதுதான் என் கவலை. கோணிய விரலால் கத்தி பிடிக்கப் பழகி லட்சத்துக்கு மேல் அறுவை செய்தார் என்றால் கூட்டம் கை தட்டும். தட்டிவிட்டு, 'நம்மால் ஆகுமா' என்று வீட்டுக்குப் போய்விடும். ஒருவரை அளவுக்கு மீறி உயரத்தில் தூக்கி வைப்பதும் அவரை ஒதுக்கி வைக்கிற ஒரு வழிதான்.

கர்நாடகத்தில் டாக்டர் எம்.சி. மோடி என்று ஒருவர் இருந்தார். 2005-இல் காலமானார். ஊர் ஊராகப் போய் முகாம் போட்டு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர். கைவேகத்தில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் கிடையாது. அவர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கைவேகத்தை இன்னொருவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போக முடியாது. வெங்கடசாமி வாழ்நாள் முழுக்கச் செய்தது லட்சம் அறுவை என்றால், அவர் உண்டாக்கிய இடம் இன்று ஒரே ஆண்டில் அதைப்போலச் சில மடங்கு செய்கிறது. 2006 ஜூலை 7-ஆம் தேதி அவர் இறந்தார். அதற்குப் பிறகும் கூடிக்கொண்டேதான் போகிறது. இது எப்படி நடந்தது என்பதைப் பேசுங்கள். மனிதரைப் புகழ்வதைவிட அவர் வேலை செய்த விதத்தை விளக்குவதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கர்

கேள்விக்குறி பக்கம்தான் நான். விதத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் புரிகிற அளவில்.

முதலில் ஒரு தேதிக் கணக்கு. பத்மஸ்ரீ வந்தது 1973-இல். அப்போது அவர் அரசு டாக்டர். மதுரை மருத்துவக் கல்லூரியிலும் எர்ஸ்கின் (இப்போதைய ராஜாஜி) ஆஸ்பத்திரியிலும் 1956-லிருந்து கண் பிரிவின் தலைவர். அரவிந்த் தொடங்கியது 1976-இல், 58 வயதில் பணி ஓய்வு பெற்ற பிறகு. விருது, பெயர், ஓய்வூதியம் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர் அந்த இடத்தில் சாய்வு நாற்காலி வாங்குவோம். உங்கள் தலைவர் எழுதிய குறிப்பில் பத்மஸ்ரீ கடைசியில் வருகிறது. அதை நடுவில் வையுங்கள், கதையே மாறிவிடும்.

ஆரம்பித்தது ஒரு வீட்டில், 11 படுக்கையோடு. அதில் 6 இலவசம். கூட இருந்தது குடும்பம்: தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கட்டடத்தையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்ட தம்பி சீனிவாசன், இன்னும் சிலர். வெங்கடசாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூத்தவர் என்பதால் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். அவர் கூப்பிட்டபோது அவர்கள் வந்தார்கள். நகையை அடகு வைத்துக் கட்டடம் எழுப்பிய கதையை அந்தக் குடும்பத்தாரே சொல்லியிருக்கிறார்கள்.

சரி, பணம் எப்படி வந்தது? இது நன்கொடையில் ஓடுகிற தர்ம ஆஸ்பத்திரி என்று பலர் நினைக்கிறார்கள். கட்டணம் செலுத்துகிற நோயாளியின் பணத்தில்தான் இலவசப் பிரிவின் செலவில் பெரும்பகுதி ஓடுகிறது. யார் ஏழை என்று ஆஸ்பத்திரி தீர்மானிப்பதில்லை, வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தப் பிரிவுக்குப் போவது என்று நோயாளியே முடிவு செய்கிறார். வசதியானவர் இலவசப் பக்கம் நுழைந்தால்? நுழையட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதைத் தடுக்க ஒரு அலுவலகம் வைத்தால் அதற்கு ஆகும் செலவும், உண்மையான ஏழைக்கு ஏற்படும் அவமானமும் அதிகம். டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். இலவசத்துக்கு ஒரு டாக்டர், காசுக்கு ஒரு டாக்டர் என்று கிடையாது.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமென்றால் ஒரு அறுவைக்கு ஆகும் செலவு குறைய வேண்டும். அங்கேதான் அந்த இரண்டு மேசை. ஒரு டாக்டர், இரண்டு மேசை, நடுவில் திருப்பக்கூடிய நுண்ணோக்கி. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைத் தயார்படுத்தி வைத்திருப்பார்கள். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். இந்த முறையில் ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 அறுவை வரை செய்ய முடிகிறது. நம் நாட்டுச் சராசரியைவிட இது பல மடங்கு. மெக்டொனால்ட்ஸ் பர்கர்க் கடைக் கதையின் சாரமும் இவ்வளவுதான். எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரே தரத்தில் கொடுக்க அவர்களால் முடிகிறதே, கண் அறுவையில் ஏன் முடியாது என்று வெங்கடசாமி கேட்டார். பர்கரை விட்டுவிட்டு இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரைக்கண்

எங்க தாத்தாவுக்குப் புரை எடுத்தது எண்பதுகளின் தொடக்கத்தில். லென்ஸ் எல்லாம் வைக்கவில்லை, சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதைக் கழற்றினால் பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியாது. ஒரு நாள் மாடு முட்டிக் கண்ணாடி உடைந்து, அடுத்த கண்ணாடி வரும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அதே வீட்டில் பாட்டிக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் லென்ஸ் வைத்தார்கள். மூன்றாவது நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு என் சட்டைக் கிழிசலுக்குத் திட்டினார். ரெண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்தது?

ஓய்வுபெற்ற கணக்கர்

நடந்தது ஆரோலேப், அரவிந்தின் லென்ஸ் ஆலை. 1992.

புரையை எடுத்துவிட்டால் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸும் போய்விடுகிறது. அதற்குப் பதில் உள்ளேயே ஒரு சின்ன லென்ஸ் வைக்கலாம் என்பது வெளிநாட்டில் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அது இறக்குமதி, விலை நூறு டாலர் அளவில். இலவச நோயாளிக்கு வைத்துக் கட்டுப்படியாகாது. அதனால் பணக்காரருக்கு லென்ஸ், ஏழைக்குச் சோடாபுட்டி என்று இரண்டு வகை மருத்துவம் உருவாகிக்கொண்டிருந்தது. ஏழைக்கு இது போதும் என்று அவர்கள் விட்டிருக்கலாம், அப்போது பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குப் பதில் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்கிற ஆலையைத் தொடங்கினார்கள். தொழில்நுட்பம் பெற அமெரிக்க நண்பர்கள் உதவினார்கள். விலை பத்து டாலருக்கு இறங்கி, பிறகு இன்னும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது.

மாட்டுத்தாவணி, உங்களுக்கு மேடையில் சொல்ல ஒரே ஒரு கதைதான் வேண்டுமென்றால் இந்தத் தாத்தா பாட்டி கதையைச் சொல்லுங்கள். அரைக்கண்ணிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரைக்கண்

தாராளமா. மாடு முட்டினதையும் சேர்த்துச் சொல்லுங்க.

தேனிக்காரி

ஆண்கள் எல்லாரும் பேசி முடித்தாகிவிட்டதா? அந்த இரண்டாவது மேசையில் 'அடுத்த நோயாளியைத் தயார்படுத்தி வைத்திருப்பார்கள்' என்று எழுதினாரே கணக்கர் சார், வைத்திருப்பது யார்? வாக்கியத்தில் ஆளையே காணோம்.

அந்த சிஸ்டர்கள்தான். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். உதவித்தொகையோடு இரண்டு ஆண்டுப் பயிற்சி. அப்புறம் பார்வை சோதிப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, லென்ஸின் பவரைக் கணக்கிடுவது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிக்குப் புரிய வைப்பது என்று ஆளுக்கு ஒரு வேலையில் தேர்ச்சி பெறுகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான். டாக்டர் செய்தே தீர வேண்டிய வேலை எது, மற்றவர் பழகிச் செய்யக்கூடிய வேலை எது என்று பிரித்ததால்தான் டாக்டருக்கு நாற்காலியைத் திருப்பினால் போதும் என்கிற நிலை. இந்தப் பயிற்சியை முன்னின்று உருவாக்கியவர் டாக்டர் நாச்சியார். வெங்கடசாமிக்கு நினைவுக் கூட்டம் போட்டுவிட்டு நாச்சியார் பெயரைச் சொல்லாமல் விட்டால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. இலவசம் என்றால் சனம் ஓடி வந்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறோம். வரவில்லை. முகாமில் புரை என்று எழுதிக் கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அறுவை இலவசம்தான், பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பது? துணைக்கு வருகிற மகனின் அன்றைய கூலி? அங்கே சாப்பாடு? அதோடு பயம். 'வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்' என்ற சமாதானம் வேறு. அதனால் முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, தங்க வைத்து, சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விடுவது என்று ஆக்கினார்கள். முன்பெல்லாம் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே அறுவை நடக்கும். அதை நிறுத்தி, முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை ஆஸ்பத்திரியில் என்று மாற்றினார்கள். பாதுகாப்புக்கும் அது நல்லது.

அதற்கும் மேலே போய், முகாம்களால் யாரை எட்டுகிறோம் என்று எண்ணிப் பார்த்தார்கள். கண் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட முகாமுக்கு வரவில்லை. முகாம்களுக்குப் பெயர்போன ஒரு நிறுவனம் தன் முகாம் போதவில்லை என்று தானே கணக்கெடுத்துச் சொன்னது. எனக்கு அவர்கள் செய்ததிலேயே பிடித்தது அதுதான். அப்புறம் வந்ததுதான் சின்ன ஊர்களில் பார்வை மையம். ஒரு சிஸ்டர் கண்ணைச் சோதிப்பார், ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர் வீடியோவில் பேசுவார். எங்கள் தேனிப் பக்கம்தான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் வந்து நெடுந்தூர வைஃபை போட்டார்கள். வெங்கடசாமி அப்போது உயிரோடு இருந்தார், எண்பத்தைந்து வயதுக்கு மேல்.

கேள்விக்குறி

தேனிக்காரி அக்கா, நீங்களே தொட்டதால் கேட்டுவிடுகிறேன். அந்தப் பெண்கள் படிப்பது பொது நர்ஸிங் பட்டம் அல்ல. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பயிற்சிக்கு அதே மதிப்பு கிடைக்குமா? ஒரு பட்டம் பெற்ற நர்ஸுக்குக் கொடுக்க வேண்டியதைவிடக் குறைந்த செலவில் ஆள் கிடைப்பதும் அந்த 'விதத்தின்' ஒரு பகுதிதானே? நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் நினைவுக் கூட்டம் என்பதற்காகக் கேள்வியே கேட்கக் கூடாதா?

தேனிக்காரி

கேளுங்கள். நியாயமான கேள்விதான். எங்கள் தெருவிலிருந்தே பெண்கள் போயிருக்கிறார்கள், அவர்களிடம் பேசியதை வைத்துச் சொல்கிறேன். பட்டத்துக்கு மாற்றாக அது இல்லை, உண்மை. கல்யாணத்துக்கு முன் சில ஆண்டு வேலை என்றுதான் பல வீடுகளில் அனுப்புகிறார்கள், அதுவும் உண்மை. வேலை கடுமை. காலையில் சீக்கிரமே ஆரம்பித்துவிடும்.

ஆனால் மாற்று என்ன என்று பாருங்கள். பிளஸ் டூ முடித்த பெண்ணை நர்ஸிங் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்க்கிற வீடுகள் இல்லை இவை. அடுத்தது மில் வேலை, இல்லாவிட்டால் உடனே கல்யாணம். அங்கே போன பெண் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்ததையும், தன் கல்யாணத்துக்குத் தானே நகை சேர்த்ததையும் பார்த்திருக்கிறேன். சிலர் அங்கேயே பொறுப்பான பதவிக்கு உயர்ந்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

ரெண்டும் உண்மைதான். அந்தப் பெண்களின் சம்பளம் இன்னும் கூட வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன்.

கேள்விக்குறி

சரி. பதிலை ஏற்றுக்கொள்கிறேன், பாதி.

தேனிக்காரி

மீதிப் பாதியை நானும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கரிசல்காட்டான்

சிஸ்டர்கள் சண்டை முடிந்ததா? ஒரு விஷயத்தை எல்லாரும் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள். ஆஸ்பத்திரியின் பெயரே அரவிந்தர் பெயர். அவர் அரவிந்தரையும் புதுச்சேரி அன்னையையும் பின்பற்றியவர். இரண்டு மேசை, லென்ஸ், கட்டணக் கணக்கு என்று நிர்வாகப் பாடமாகவே பேசிவிட்டால் அவர் யார் என்பது போய்விடும். அவருக்கு இது வேலை மட்டுமில்லை, ஆன்மிக சாதனை.

ஓய்வுபெற்ற கணக்கர்

எங்கள் சங்கத்தில் ஒருமுறை மேடையில் ஆன்மிகம் பேசி அது எங்கேயோ போய் முடிந்தது. மாட்டுத்தாவணி ஜாக்கிரதை.

கேள்விக்குறி

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் கரிசல்காட்டான் சொல்வது சரி. அந்த மனிதர் எதை நம்பினாரோ அதை மறைத்துவிட்டு நமக்கு வசதியான பாதியை மட்டும் வெளியே எடுத்து வைப்பது நாணயமில்லை. ஒரு வரி போதும். அதை நம் மதப் பெருமைக்கு ஆதாரமாக்காமல் இருந்தால் சரி.

கண் வங்கித் தொண்டர்

தாமதமாக வருகிறேன். பேச்சு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், முதியவர்கள் கூடுகிற இடம் என்பதால் இரண்டு நிமிடம் கண்தானத்துக்கு ஒதுக்க முடியுமா? பெரும்பாலான வீடுகளில் மனம் இருக்கிறது, தகவல் இல்லை. துக்க வீட்டில் யாருக்கும் நினைவு வருவதில்லை, வரும்போது நேரம் கடந்துவிடுகிறது.

இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், சீக்கிரமாக இருந்தால் நல்லது. உடனே இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். தலைக்குத் தலையணை வைத்துச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். துக்க வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், யாராவது ஒருவர் உறுதியாக நிற்க வேண்டும். கண் வங்கிக்குச் சொன்னால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் எல்லாரும் கொடுக்கலாம். வயது வரம்பு பார்த்து யாரும் தயங்க வேண்டாம். வெறிநாய்க்கடி, எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி, ரத்தப் புற்று போன்றவை இருந்தால் எடுக்க மாட்டார்கள். முன்கூட்டியே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, குடும்பம் சம்மதித்தால் போதும். உறுதிமொழி அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பவர்கள்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

தானமாகக் கிடைக்கும் கருவிழி, கருவிழி பழுதானவர்களுக்குத்தான். புரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதையும் சொல்லிவிடுங்கள், குழப்பிக்கொள்கிறார்கள்.

பழைய மாணவி

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். ஒரு சின்னச் சேர்ப்பு. இறந்த சேவையாளர்களை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்று யோசித்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வருகிறார். புற்றுநோயில் இறந்த தங்கையின் நினைவு அவரை விடவே இல்லை. அடையாறு புற்றுநோய் மையம் 1954-இல் 12 படுக்கையோடு தொடங்கியது அதனால்தான். இன்று அவர் பெயரில் அரசின் மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. அவர் பிறந்த ஜூலை 30-ஐ மருத்துவமனை தினம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்த பெரிய நினைவஞ்சலி அரசு கொடுத்தது இல்லை என்பேன். 1955-இல் அந்த மையத்தில் சேர்ந்து 2021 ஜனவரியில் கண் மூடும்வரை அங்கேயே இருந்த டாக்டர் சாந்தாதான் அது.

வெங்கடசாமிக்கும் அப்படித்தான். அவரைப் பற்றிப் பேசும்போது அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றிப் பேசுவது தலைப்பை விட்டு விலகுவதாகாது.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. தங்கள் முறையை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. 1992-இல் லயன்ஸ் சங்க உதவியோடு ஒரு பயிற்சி நிலையம் வைத்து, மற்ற கண் ஆஸ்பத்திரிகளுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் வந்து கற்றுப் போயிருக்கின்றன, வெளிநாட்டிலிருந்தும். வியாபாரமாகப் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம்.

அரைக்கண்

2018-இல் கூகுள் அவர் படத்தைப் போட்டதே, நூற்றாண்டுக்கு. அதையும் போடலாம், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும்.

மாட்டுத்தாவணி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது பத்து நிமிடம் போதவில்லை என்பதுதான் சிக்கல். ஆரம்பத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் சொல்லுங்கள்:

'பிரசவம் பார்க்கிற டாக்டராக ஆசைப்பட்ட ஒருவர், கை ஒத்துழைக்காமல் கண் டாக்டரானார். நாற்பதாண்டு வாழ்க்கைக்குப் போதுமான பெயரை வாங்கி, ஓய்வும் பெற்ற பிறகு, 58 வயதில் 11 படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இதே தெருவில் இருக்கிற ஒரு தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கண் அறுவை நடந்தது...'

அரைக்கண்ணின் தாத்தாவை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஓய்வுபெற்ற கணக்கர்

'நாற்பதாண்டு வாழ்க்கைக்குப் போதுமான' என்பதை எடுத்துவிடுங்கள். மேடைப் பேச்சு வாடை அடிக்கிறது. தாத்தாவைத் தெரு மாற்ற வேண்டாம், 'எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்' என்றால் போதும். கூட்டத்தில் யாராவது எந்தத் தாத்தா என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

தேனிக்காரி

நாச்சியார் எங்கே?

மாட்டுத்தாவணி

நடுவில் வருகிறார் அக்கா, சத்தியமாக. சிஸ்டர்களும் வருகிறார்கள். கேள்விக்குறி கேட்ட கேள்வியை மட்டும் மேடையில் கேட்கப் போவதில்லை. முடிந்த பிறகு டீ குடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.

கண்தானத்துக்கு மூன்று நிமிடம் தனியாக வாங்கிவிட்டேன். தலைவர் முதலில் 'நல்ல நாளில் சாவைப் பற்றிப் பேசணுமா' என்றார். நினைவுக் கூட்டமே செத்தவருக்குத்தானே என்று செயலாளர் சொன்னதும் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இன்னொரு யோசனை. கூட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம், வருகிறவர்களுக்குப் பார்வைச் சோதனை நாங்களே செய்ய முடியுமா? டாக்டரை வரவழைக்க நேரம் போதாது. எழுத்து அட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பெரிய பிள்ளைகளே செய்துவிட மாட்டார்களா?

கண் வங்கித் தொண்டர்

செய்யலாம். பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அட்டைக்கும் ஆளுக்கும் நடுவில் 6 மீட்டர். டேப் வைத்து அளந்து தரையில் கோடு போடுங்கள், காலடியால் அளக்க வேண்டாம். அட்டை மேல் நல்ல வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் கண் கூசும். ஒரு கண்ணாகப் பாருங்கள். மற்றக் கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், அழுத்தக் கூடாது. விரல் இடுக்கில் எட்டிப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே படிக்கலாம். எழுத்துத் தெரியாத பாட்டிகளுக்கு, நாலு பக்கமும் திரும்புகிற 'ஈ' எழுத்து அட்டை இருக்கிறது. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் போதும்.

அட்டையில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்கும். பிள்ளைகளுக்கு 6/9 வரி, பெரியவர்களுக்கு 6/12 வரி தெரியவில்லை என்றால் பெயரைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வேறொரு தடித்த அட்டைத் துண்டில் ஊசித்துளை போட்டு அதன் வழியே எழுத்தைப் பார்க்கச் சொன்னால், தெளிவு கூடினால் கண்ணாடியில் சரியாகக்கூடியது. கூடவில்லை என்றால் புரையோ வேறெதுவோ இருக்கலாம். 'உங்களுக்குப் புரை' என்று பிள்ளைகள் சொல்லிவிடக் கூடாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது.

எல்லா வரியையும் படித்துவிட்டாலும் சர்க்கரை உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். கண்ணழுத்த நோயும் இந்த அட்டையில் தெரியாது.

மாட்டுத்தாவணி

6 மீட்டர் என்றால் இருபது அடி. எங்கள் சங்கக் கூடம் அவ்வளவு நீளம் இருக்குமா என்று சந்தேகம். நாளைக் காலையில் டேப்போடு போய் அளந்துவிட்டு எழுதுகிறேன்.

கண் வங்கித் தொண்டர்

பற்றவில்லை என்றால் 3 மீட்டருக்கான அட்டையும் கிடைக்கிறது. 6 மீட்டர் அட்டையைப் பக்கத்தில் மாட்டிச் சமாளிக்காதீர்கள், எல்லாரும் தேறிவிடுவார்கள்.